கறைக்காரம்மா அழித்த கோடு

கறைக்காரம்மா என்று கேட்டால்தான் அந்தத் தெருவில் அவள் வீட்டைக் காட்டுவார்கள். பெற்றவர்கள் வைத்த பேரைச் சொன்னால் தபால்காரரே முழிப்பார். சலவைக்கடையில் கறை எடுக்கும் மேசை அவளுடையது. தேநீர், இயந்திர எண்ணெய், உதட்டுச் சாயம், ரத்தம் என்று எதைக் கொண்டுவந்து நீட்டினாலும் முதலில் ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடிப்பாள், பிறகு மோந்து பார்ப்பாள், அதன் பிறகுதான் எந்தப் புட்டியைத் திறப்பது என்று முடிவு செய்வாள். அதுவரை வாடிக்கையாளர் வாயைத் திறக்கக் கூடாது.

கறையைப் பார்த்துவிட்டால் அவளுக்குக் கை அரிக்கும். ஒரு தடவை துக்கம் விசாரிக்கப் போன வீட்டில் செத்தவருடைய மகனைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதவள், அழுத அழுகையோடேயே அவன் சட்டைக் கையிலிருந்த பேனா மையை எச்சில் தொட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மகன் ஆறுதலாகத் தடவுகிறாள் என்று நினைத்து இன்னும் கொஞ்சம் அழுதான். அப்படிப்பட்ட கை அது. அந்தக் கைதான் இந்தக் கதைக்கெல்லாம் காரணம்.

அவள் புருஷன் அதே கடையில் இஸ்திரி போடுகிறவர். நீராவிப் பெட்டியைக் கையில் எடுத்தால் மனிதர் பாட்டுப் பாடாமல் வேலை செய்யமாட்டார். அப்படிப் பாடிக்கொண்டிருந்த தொண்டைக்குக் கீழேதான் போன வருஷம் புற்று வந்தது. உணவுக்குழாயை வெட்டி எடுத்துவிட்டு, இரைப்பையை மேலே இழுத்துக் கழுத்துக்குக் கிட்டே சேர்த்துத் தைத்தார்கள். பிழைத்துக்கொண்டார். ஆனால் பாட்டு போய்விட்டது. குரல் காற்றுப் போன டயர் மாதிரி ஆகிவிட்டது. படுத்தால் சாப்பிட்டது மேலே வருகிறதென்று சாய்வு நாற்காலியிலேயே தூங்கப் பழகினார். இன்னொன்றும் நடந்தது. அதற்குப் பிறகு அவர் யார் எதிரிலும் சட்டையைக் கழற்றவில்லை, அவள் எதிரிலும்தான். குளியலறைக்குள் போகும்போது கழுத்துப் பொத்தான் வரை போட்டுக்கொண்டு போவார், வரும்போதும் அப்படியே வருவார். அவளும் கேட்கவில்லை. கேட்டால் உடைந்துவிடுவாரோ என்ற பயம்.

மெல்ல மெல்ல ரொட்டி, பருப்பு என்று தேறி வந்தவருக்கு இந்த வருஷம் மறுபடியும் அடைக்க ஆரம்பித்தது. முதலில் ரொட்டி இறங்கவில்லை. அப்புறம் குழைந்த சோறு இறங்கவில்லை. கடைசியில் கஞ்சியையே வாய்க்கு வாய் நின்று, கண்ணை மூடி, வழி விடுகிறதா என்று காத்திருந்து விழுங்கினார். தைத்த இடத்திலேயே திரும்ப வந்துவிட்டது என்றார்கள். இன்னொரு தடவை கத்தி வைக்க முடியாது, கரண்ட் வைக்கலாம், அதாவது கட்டியைக் கதிரால் சுடலாம், கூடவே மாத்திரை, ஒழுங்காக வைத்தால் வழி திறக்கும், ஆளும் நிற்பார் என்று பெரிய டாக்டரம்மா சொன்னார்.

வழி திறக்கும் என்ற அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு கறைக்காரம்மா தரையில் கால் பாவாமல் நடந்தாள். ஆனால் கரண்ட் வைக்கிற மெஷின் ஊருக்கு ஒன்று, காத்திருப்பவர்களோ ஊரளவு. தேதி கிடைப்பதற்குள் அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது. திங்கட்கிழமை என்று சொன்ன அன்று, கல்யாணத்துக்கு நாள் குறித்த வீடு மாதிரி ஆகிவிட்டது. கடைக்கு வந்தவர்களிடமெல்லாம், கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும், எங்க வீட்டுக்காரருக்குத் திங்கட்கிழமை ஆரம்பம் என்று சொன்னாள். அவருடைய வெள்ளைச் சட்டையை அவளே இஸ்திரி போட்டு மாட்டினாள். அவர் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. குரல் இல்லாதவர் என்ன சொல்வார் என்று அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கரண்ட் வைப்பதற்கு முன்னால் ஒரு நாள் வந்து படம் எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்றார்கள். அன்றைக்கென்று கடையில் பள்ளிக்கூட நாடகத்துக்கான அங்கிகள் வந்து குவிந்துவிட்டன, எல்லாம் கத்தரிப்பூ நிறம், தண்ணீரில் போட்டால் சாயம் ஆறாக ஓடுகிற மட்டமான துணி. அவளால் நகர முடியவில்லை. கடை வேன் ஓட்டுகிற கொழுந்தன்தான் அண்ணனை அழைத்துக்கொண்டு போனான். என்ன பண்ணினார்கள் என்று அவள் கேட்டதற்கு அவர் படம் என்றார். அதோடு சரி.

ஞாயிற்றுக்கிழமை கடை லீவு. மத்தியானம் அவள் வீட்டுத் துணியைத் துவைக்க எடுத்தாள். அவருடைய பனியனை உதறினால், உள்பக்கம் நடு நெஞ்சில் ஊதாக் கறை. இரண்டு விலாப் பக்கமும் கறை. ஜன்னலில் தூக்கிப் பார்த்தாள், மோந்தாள். அட சண்டாளப் பாவி அங்கியே, வீட்டுத் துணியிலும் வந்து ஒட்டிக்கொண்டாயா என்று திட்டிக்கொண்டே உள்ளே போனாள். அவர் வலி மருந்து குடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். புழுக்கம் தாங்காமல் பொத்தானையெல்லாம் திறந்துவிட்டிருந்தார்.

ஒரு வருஷத்துக்குப் பிறகு அந்த நெஞ்சை அவள் அன்றைக்குத்தான் பார்த்தாள். தையல் போட்ட தழும்பு விலாவைச் சுற்றிக்கொண்டு போயிற்று. எலும்பு எண்ணலாம் போலிருந்தது. நடு நெஞ்சில் ஊதாவாக ஒரு கூட்டல் குறி, அதிலிருந்து கழுத்துப் பக்கம் ஒரு கோடு, விலாக்களில் பக்கத்துக்கு ஒன்று. சாயம் பனியன் மடிப்பு வழியாக இறங்கினால் கோடு கோடாகத்தான் படியும், அவளுக்குத் தெரியாததா? நாளைக்கு டாக்டர் முன்னால் சட்டையைக் கழற்றும்போது இந்தக் கோலத்தில் போய் நிற்பதாவது? நான் ஒருத்தி எதற்கு இருக்கிறேன்?

பனியனை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், புருஷன்தான் முதலில் என்று ஸ்பிரிட்டும் பஞ்சும் எடுத்து வந்தாள். ஒரு வருஷமாகத் தொடவிடாத உடம்பு. பட்டுத் துணியைத் தொடுவது போலத் தொட்டாள். ஓரத்திலிருந்து நடுவுக்குத் துடைத்தாள், பரவாமல். அவர் அசையவில்லை. ஒரு பொட்டு மிச்சமில்லாமல் எடுத்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தபோது அவளுக்கு அப்படியொரு திருப்தி.

சாயங்காலம் வெயில் தாழ்ந்து கொழுந்தன் வந்தான். காலையில் எத்தனை மணிக்கு வேன் எடுக்க வேண்டும், என்னென்ன கொண்டுபோக வேண்டும் என்று பேசிக்கொண்டிருந்துவிட்டு, செருப்பை மாட்டும்போது சொன்னான்.

"அண்ணி, அண்ணனைக் குளிக்கச் சொல்றப்ப நெஞ்சுல சோப்பு போடவேண்டாம்னு சொல்லுங்க. கோடு போட்டு அனுப்பியிருக்காங்க. அது அழிஞ்சுதுன்னா முதல்லேருந்து பண்ணணுமாம்."

"என்ன கோடு?"

"ஊதா மையில போட்டாங்களே. அதை வச்சுத்தான் கரண்ட் எங்க விழணும்னு பாப்பாங்களாம். அண்ணன் சொல்லலையா?"

சொன்னார், சொன்னார் என்று எதையோ சொல்லி அவனை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினாள். முதலிலிருந்து பண்ணுவது என்றால்? மறுபடியும் வரிசை, மறுபடியும் தேதி. அதுவரைக்கும் அந்தக் கஞ்சி இறங்குமா? ஊரில் எந்த மருந்துக்கும் மசியாத கறையையெல்லாம் எடுத்த கை, புருஷன் உயிரைக் காக்கிற கோட்டையும் எடுத்துவிட்டதே என்று சுவரில் முட்டிக்கொண்டாள். அப்படி முட்டிக்கொண்டு நிற்கும்போதுதான் பனியன் கண்ணில் பட்டது. இன்னும் துவைக்கவில்லை. கோடு அத்தனையும் அதில் இருந்தது.

இனி அவள் செய்ததை ஒரு சலவைக்காரியைத் தவிர வேறு யாரும் செய்திருக்கமாட்டார்கள். அடுத்தவர் துணியில் கத்திரி பட்டால் பதறுகிறவள், பனியனை முதுகுப் பக்கம் நீள வெட்டி முன்பாகத்தை விரித்தாள். இன்னும் நாற்காலியில் கண்மூடிச் சாய்ந்திருந்த அவர் நெஞ்சின் மேல் அதைப் போட்டு, கழுத்து வளைவு கழுத்தில், கைவளைவு கையில் உட்காருகிறதா என்று நீவிவிட்டாள். கறைக்கு நேராக ஓரத்தைத் தூக்கித் தூக்கி, துணிகளுக்கு அடையாளம் போடுகிற கடைப் பேனாவால் கோடு போட்டாள். ஊதா நிறப் பேனாதான். கொதிக்கிற தண்ணீருக்கும் போகாத மை. இனி எவளாலும் அழிக்க முடியாது, தன்னாலும்தான் என்று ஒரு நிம்மதி வேறு. கோடு ஒன்றுகூடக் கோணவில்லை. பனியனைக் கிழித்து அடுப்பில் போட்டாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று.

திங்கட்கிழமை காலையில் ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் நீளப் பெஞ்சு நிறைய ஆட்கள். கனமான கதவு, அதன் தலையில் சிவப்பு விளக்கு. விளக்கு எரிந்தால் உள்ளே கரண்ட் ஓடுகிறது என்று அர்த்தம், அணைந்தால் அடுத்த ஆள். அவள் புருஷனை மெஷின் ஓட்டும் பெண் வந்து அழைத்துக்கொண்டு போனாள். கறைக்காரம்மாவுக்கு நெஞ்சு திக்குத்திக்கென்று அடித்துக்கொண்டது, ஆனால் அது சந்தோஷத் திக்குதான். ஆரம்பித்துவிட்டது! வழி திறக்கப் போகிறது! பக்கத்தில் உட்கார்ந்திருந்த லாரிக்காரரிடம், அவர் கேட்காமலேயே எல்லாவற்றையும் சொன்னாள். அழித்ததையும் வரைந்ததையும் தவிர.

லாரிக்காரருக்கும் தொண்டையில்தான். பாதிக் கரண்ட் முடிந்து, முந்தாநாள் ஒரு முழு வாழைப்பழம் இறங்கியது என்று சொல்லும்போது மனிதருக்கு முகமெல்லாம் பல். அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். உற்சாகத்தில் அவர் காலரை விலக்கித் தன்னுடைய கோட்டைக் காட்டினார்.

"இதைக் கண்ணு மாதிரி பாத்துக்கணும்மா. ஒரு நூல் தள்ளிப் போச்சுன்னா கட்டியை விட்டுட்டு நல்ல சதையைச் சுட்டுடும். நெஞ்சுலன்னா கேக்கவே வேணாம், பக்கத்துலயே இதயம். என்னைப் படுக்கவச்சு, மூச்சை அளந்து, அவ்வளவு நேரம் பாத்துல்ல போட்டாங்க."

படுக்கவைத்தா?

அவள் அவரை உட்காரவைத்தல்லவா வரைந்தாள். உட்கார்ந்தால் சதை தொங்கும், படுத்தால் பரவும். அதுவும் துவைத்துத் துவைத்துச் சுருங்கிய பனியன். பருத்தி சுருங்கும், சுருங்கும் என்று ஊருக்கெல்லாம் பாடம் சொல்கிறவள், தன் புருஷனுக்கு அளவெடுத்தபோது அதை மறந்துவிட்டாள். ஒரு நூலா? ஒரு விரற்கடையே தள்ளியிருக்கும். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தால்கூடப் பரவாயில்லை, இது எமனைப் பிடித்து நெஞ்சில் உட்காரவைத்த கதை.

நிமிர்ந்து பார்த்தாள். சிவப்பு விளக்கு இன்னும் எரியவில்லை.

எழுந்து ஓடினாள். லாரிக்காரர் ஏதோ சொன்னார், காவலாளி கையை நீட்டினார், அவள் இரண்டையும் தாண்டிக் கதவுக்குள் பாய்ந்துவிட்டாள். உள்ளே வளைந்து போகிற நடை, அதன் முடிவில் அரையிருட்டு. ஒற்றைப் பலகையில் அவர் மல்லாந்து கிடந்தார். சுவர்களிலிருந்து பச்சை ஒளிக் கீற்றுகள் வந்து அவர் நெஞ்சில் குறுக்கும் நெடுக்கும் விழுந்திருந்தன. மெஷின் ஓட்டும் பெண் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நிறுத்தும்மா, அது நீங்க போட்ட கோடு இல்ல. நான் போட்டது."

அந்தப் பெண் நிமிர்ந்தாள். கறைக்காரம்மா மூச்சு வாங்க எல்லாவற்றையும் கொட்டினாள். சாயம் என்று நினைத்தது, ஸ்பிரிட், பனியன், கத்திரி, பேனா, ஒன்று விடாமல். சொல்லி முடிக்கும்போது அழுகையும் வந்துவிட்டது. அந்தப் பெண் முதலில் வாயைப் பிளந்தாள், பிறகு உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"நானும் பாத்துக்கிட்டேதாம்மா இருக்கேன், நாங்க போட்ட கோடு எப்ப இவ்வளவு அழகா இருந்துச்சுன்னு. லைட்டுக்கும் இதுக்கும் ஒத்தே வரல."

உள்ளேயே படம் எடுத்துப் பார்க்காமல் பொத்தானை அமுக்கமாட்டோம், பயப்படாதீர்கள் என்று அவள் தோளைத் தட்டினாள். தட்டிய கையோடு பெரிய டாக்டரம்மாவையும் கூப்பிட்டுவிட்டாள். டாக்டரம்மா வந்து பார்த்தார், கேட்டார், நெற்றியில் கை வைத்துக்கொண்டார். சொல்லியிருந்தால் நேற்றே ஒரு போன் போதுமே என்று நன்றாகத் திட்டினார். கறைக்காரம்மா திட்டையெல்லாம் பிரசாதம் போல வாங்கிக்கொண்டு ஒன்றே ஒன்றைத்தான் கேட்டாள், தேதி போய்விட்டதா என்று.

"கோடு போனா மறுபடி போட்டுக்கலாம். ஆள் போனாத்தான் போட முடியாது. இன்னைக்கே படம் எடுக்கலாம், வியாழக்கிழமை ஆரம்பிச்சிடலாம். ஆனா முதல்ல நீங்க வரைஞ்ச இந்தச் சித்திரத்தைக் கொஞ்சமாவது குறைங்க. ரெண்டு கோடு இருந்தா எங்களுக்குக் குழப்பம்."

வியாழக்கிழமை! அவளுக்கு அந்த இடத்திலேயே குதிக்க வேண்டும் போலிருந்தது. உடை மாற்றுகிற சிறு அறையில் அவரை ஸ்டூலில் உட்காரவைத்தார்கள். நர்ஸ் ஸ்பிரிட்டும் பஞ்சும் கொடுத்து, அழுத்தித் தேய்க்காதீர்கள், தோல் புண்ணானால் கரண்ட் வைக்கும்போது எரியும் என்று எச்சரித்துவிட்டுப் போனாள்.

கடைப் பேனாவின் மை என்ன லேசில் போகிற மையா? தொட்டுத் தொட்டு எடுத்தாள். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"எவ்வளவு தைரியம் எனக்கு," என்று தன்னையே திட்டிக்கொண்டாள் அவள். "நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், இந்த மாதிரி கோடு போட்டிருக்காங்கன்னு."

அவர் அந்தக் காற்றுக் குரலில் சொன்னார்.

"நீ அழிச்சப்ப நான் முழிச்சுத்தான் இருந்தேன்."

அவள் கை நின்றது.

"முழிச்சிருந்தா ஏன் சொல்லல?"

"எதுக்குச் சொல்லணும்? போகட்டும்னுதான் இருந்தேன். வெட்டுனாங்க, தச்சாங்க, மறுபடியும் வந்துடுச்சு. இனி கரண்ட்டு, மாத்திரை, வாந்தி. உனக்கும் எனக்கும் எதுக்கு இந்தப் பாடு? கோடு போச்சுன்னா தேதி போகும். தேதி போச்சுன்னா நானா வேணாம்னு சொன்ன மாதிரி இருக்காது. நீயா துடைச்சுக்கிட்டிருந்தே. நிம்மதியா இருந்துச்சு."

இத்தனை நாளாகத் தேதி, தேதி என்று தெருவெல்லாம் தண்டோரா போட்டாளே, அப்போதெல்லாம் மனிதர் வாயைத் திறக்காமல் இருந்தது குரல் இல்லாததால் அல்ல என்று அவளுக்கு இப்போதுதான் உறைத்தது. கோபமா, பயமா, இன்னதென்று சொல்லத் தெரியவில்லை.

"அப்புறம் வரைஞ்சப்ப?"

"அப்பவும் முழிச்சுத்தான் இருந்தேன்." அவர் இப்போது அவளைப் பார்த்தார். "நாக்கைக் கடிச்சுக்கிட்டு, மூக்கை உறிஞ்சுக்கிட்டு உக்காந்து வரைஞ்சே. உன் கண்ணீர் ஒண்ணு ரெண்டு என் மேல விழுந்துச்சு. கோட்டுல படாம அதைத் துடைச்சே பாரு, அப்ப தெரிஞ்சுபோச்சு. நான் கிளம்பணும்னு நெனச்சாலும் இவ விடமாட்டான்னு."

"விடமாட்டேன்யா," என்றாள் அவள். கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவரை அப்படிக் கூப்பிட்டதில்லை. "அப்படியெல்லாம் சும்மா விட்டுட முடியுமா? இவ்வளவு நாள் எனக்கு எதிர்ல சட்டைய மூடிக்கிட்டுத் திரிஞ்சதுக்கே உங்ககிட்ட எனக்குப் பேச்சு பாக்கி இருக்கு. தேறி வாங்க, உக்காந்து சண்டை போடலாம். வேணாம்னு தோணுச்சுன்னா வாயைத் திறந்து எங்கிட்ட சொல்லுங்க. தூங்குற மாதிரி நடிக்காதீங்க."

"சரி."

"என்ன சரி?"

"சொல்றேன்னேன். இப்பச் சொல்றேன், வேணும்."

அவள் பஞ்சைக் கீழே போட்டுவிட்டு, தழும்போடு சேர்த்து அவரைக் கட்டிக்கொண்டு அழுதாள். இந்தத் தடவை கை எந்தக் கறையையும் தேடவில்லை. மை முழுசாகப் போகவுமில்லை, வெளிறிய ஊதாவாக நின்றுகொண்டது. அதன் பக்கத்தில் சிவப்பு மையால் புதுக் கோடு போட்டுவிட்டார்கள்.

வியாழக்கிழமை காலையில் கொழுந்தன் வேனை எடுத்து வருவதற்குள் அவர் வாசலில் வந்து நின்றார். கீழ்த்தளத்துப் பெஞ்சில் லாரிக்காரர் இவர்களுக்கு இடம் பிடித்து வைத்திருந்தார். கறைக்காரம்மா போட்ட கோடு என்று இதற்குள் கதை தளம் முழுவதும் பரவியிருந்தது. காவலாளி அவளைப் பார்த்ததும் கதவை மறித்துக்கொண்டு நின்றார், அதைப் பார்த்துப் பெஞ்சே சிரித்தது. அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு தானும் சிரித்தாள்.

அவருடைய முறை வந்தது. மெஷின் ஓட்டும் பெண் வெளியே வந்து கூப்பிட வாயெடுப்பதற்குள் அவர் எழுந்துவிட்டார். அவளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், மேல் பொத்தானைக் கழற்றிக்கொண்டே நடந்தார். எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்ற நினைப்பே இல்லாமல் இரண்டாவதையும் கழற்றினார், மூன்றாவதையும் கழற்றினார். தழும்பு தெரிந்தது, வெளிறிய ஊதாவும் புதுச் சிவப்பும் தெரிந்தன. அவர் பாட்டுக்குப் போனார்.

கதவுக்கு வெளியே மெஷின் ஓட்டும் பெண்ணின் மேசையில் ஒரு சின்ன ஒலிபெருக்கி இருந்தது. உள்ளே இருப்பவர் பேசினால் அதில் கேட்கும். அவரைப் படுக்கவைத்து, கோட்டைச் சரிபார்த்து, படம் எடுத்து, எல்லாம் ஒத்து வருகிறது என்று தலையாட்டிவிட்டு, மேசைக்கு வந்து உட்கார்ந்து அந்தப் பெண் கேட்டாள், ஐயா, ஆரம்பிக்கட்டுமா, அசையக் கூடாது, ஏதாவது சொல்லணுமா என்று.

பெஞ்சில் எல்லாரும் பேச்சை நிறுத்தினார்கள். ஒலிபெருக்கியில் முதலில் மூச்சு கேட்டது. அப்புறம் அந்தக் காற்றுக் குரல், அவரால் முடிந்த அளவுக்குச் சத்தமாக.

"எங்க வீட்டம்மாவைக் கொஞ்சம் தள்ளி உக்காரச் சொல்லும்மா. கோட்டைப் பாத்தா அவளுக்குக் கை நிக்காது."

புற்று வந்த நாளிலிருந்து அவர் கேலி பேசி அவள் கேட்டதில்லை. பெஞ்சு முழுவதும் சிரித்தது. அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வர, இரண்டு கையையும் தொடைக்குக் கீழே கொடுத்து அமுக்கி உட்கார்ந்துகொண்டாள். சிவப்பு விளக்கு எரிந்தது.